வெளிநாடு கிளம்பும் நேரத்தில் கிரெடிட் கார்டுக்குக் கூடுதலாகப் பணம் கட்டிவிட்டால்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான். அடுத்த வாரம் வெளிநாட்டுப் பயணம். போகும்போது பாக்கி எதுவும் இருக்க வேண்டாம் என்று கிரெடிட் கார்டு பில் முழுவதையும் ஆப் வழியாகக் கட்டியாகிவிட்டது. ஆனால் ஏற்கெனவே போட்டு வைத்திருந்த ஆட்டோபே, கெடு நாளன்று அதே தொகையை வங்கிக் கணக்கிலிருந்து மறுபடியும் எடுத்துக்கொண்டது. இப்போது கார்டு கணக்கில் பாக்கி காட்டும் இடத்தில் கழித்தல் குறியோடு ஒரு பெரிய தொகை நிற்கிறது. அந்தப் பணம் போய்விட்டதா? திரும்பக் கேட்கலாமா? அப்படியே விட்டுவிட்டுப் போனால் கார்டை முடக்கிவிடுவார்களா? அங்கே போய் ஏடிஎம்மில் அந்தப் பணத்தை எடுத்துக்கொள்ளலாமா?

பணம் எங்கும் போகவில்லை. அது உங்கள் பெயரில் கார்டு கணக்கில் இருக்கிறது, வங்கிதான் இப்போது உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது. திரும்பக் கேட்கலாம், கேட்காமல் செலவழித்தும் தீர்க்கலாம். கார்டு முடங்குவது அரிது, ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், அதைக் கீழே விளக்குகிறேன். ஏடிஎம் யோசனையை மட்டும் இப்போதே கைவிட்டுவிடுங்கள்.

முதலில் அந்தக் கழித்தல் குறி. சில வங்கிகள் கழித்தல் குறி போடும், சில வங்கிகள் தொகைக்குப் பக்கத்தில் வரவு என்று எழுதும், இரண்டும் ஒன்றுதான். பில் 40,000, இரண்டு முறை கட்டியதில் 80,000 போயிருக்கிறது என்று வையுங்கள். கூடுதல் 40,000 அங்கே சும்மா கிடக்கும். சேமிப்புக் கணக்கில் வரும் வட்டி பொதுவாக இதற்கு வராது. அடுத்து நீங்கள் செய்யும் ஒவ்வொரு செலவும் முதலில் இந்தத் தொகையிலிருந்துதான் கழியும், அது தீர்ந்த பிறகுதான் கடன் என்று ஒன்று ஆரம்பிக்கும். கூடுதல் இருப்பு இருக்கிறது என்பதால் கிரெடிட் ஸ்கோர் ஏறாது, இறங்கவும் இறங்காது. பாக்கி பூஜ்யமாக இருந்தால் எப்படியோ, கிட்டத்தட்ட அப்படித்தான்.

லிமிட் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லிமிட் 1,00,000, கூடுதல் இருப்பு 40,000, ஆக 1,40,000 வரை செலவு செய்யலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். சில வங்கிகளின் கணினி அப்படியே அனுமதிக்கும். வேறு சில வங்கிகளில் பணம் வரவு வைக்கப்பட்டாலும், செலவுக்குக் கிடைக்கும் தொகை லிமிட்டைத் தாண்டி ஏறாது. இன்னும் சில இடங்களில் பணம் உண்மையிலேயே கைக்கு வந்து சேர்ந்தது உறுதியாகும் வரை சில நாட்கள் நிறுத்தி வைப்பார்கள். உங்களுடையது எந்த வகை என்று ஆப்பில் 'செலவழிக்கக் கிடைக்கும் தொகை' என்ற இடத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அங்கே என்ன எண் இருக்கிறதோ அதை மட்டும் நம்புங்கள். லிமிட் என்பது வங்கி உங்களுக்குத் தரச் சம்மதித்த கடனின் அளவு. நீங்கள் கூடுதலாகப் பணம் போட்டதால் அந்தச் சம்மதம் மாறுவதில்லை.

வங்கிகள் ஏன் இதில் இவ்வளவு எச்சரிக்கையாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது, அப்போதுதான் கார்டு ஏன் முடங்கலாம் என்பதும் புரியும். கார்டு மோசடியில் பழைய உத்தி ஒன்று உண்டு. பணமே இல்லாத கணக்கிலிருந்து கார்டுக்குப் பெரிய தொகையைக் கட்டுவார்கள். வங்கி உடனே வரவு வைத்துவிடும். அந்த இடைவெளியில் லிமிட்டைவிட அதிகமாகச் செலவழித்து முடிப்பார்கள். பிறகு கட்டிய பணம் திரும்பிவிடும், வங்கி கையில் பெரும் நஷ்டம் நிற்கும். இன்னொன்று, சட்டவிரோதப் பணத்தை கார்டில் கூடுதலாகக் கட்டி, பிறகு வங்கியிடமிருந்தே ரீஃபண்டாக வாங்குவது. வங்கியிலிருந்து வந்த பணம் என்று காட்டிக்கொள்ளலாம் அல்லவா, அதற்காக. இந்த இரண்டையும் பிடிக்கத்தான் வங்கிகளின் கண்காணிப்பு முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு மாத பில் இரண்டு முறை கட்டப்பட்டது என்பது அவர்களுக்குத் தினமும் பார்த்துப் பழகிய விஷயம், அதற்கு யாரும் கார்டை நிறுத்த மாட்டார்கள். ஆனால் கைதவறி ஒரு பூஜ்யம் சேர்த்து 40,000க்குப் பதில் 4,00,000 கட்டிவிட்டு, லிமிட்டைவிடப் பல மடங்கு இருப்பு நிற்க, இரண்டாம் நாள் வேறு நாட்டிலிருந்து பெரிய செலவு வந்தால் கணினி நிறுத்திக் கேள்வி கேட்கத்தான் செய்யும். அந்த நிலைமையில் இருப்பவர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே கஸ்டமர் கேரை அழைத்து நடந்ததைச் சொல்லிப் பதிவு செய்ய வைத்துவிடுவது அவசியம். அழைத்த தேதியையும் அவர்கள் தரும் புகார் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, திரும்பக் கேட்பதா, விட்டுவிடுவதா?

நான் இதை ஒரே ஒரு கேள்வியை வைத்து முடிவு செய்யச் சொல்வேன். இந்தப் பணம் பயணம் முடிவதற்குள் உங்கள் வங்கிக் கணக்கில் ரொக்கமாகத் தேவைப்படுமா? வீட்டு வாடகை, கடன் தவணை, பிள்ளைகளின் கட்டணம் என்று கார்டில் கட்ட முடியாத ஏதாவது அதிலிருந்து போக வேண்டுமென்றால் இன்றைக்கே ரீஃபண்ட் கேளுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். எப்படியும் ஹோட்டல், போக்குவரத்து என்று பயணத்தில் கார்டைத் தேய்க்கத்தான் போகிறீர்கள். 40,000 கூடுதல் இருப்பும், கார்டில் 60,000 செலவும் இருந்தால், திரும்பி வந்ததும் 20,000 மட்டும் கட்டினால் போதும். ரீஃபண்ட் வாங்கி, அது எப்போது வரும் என்று காத்திருந்து, பிறகு 60,000 பில்லைத் தனியாகக் கட்டுவதில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை. கூடுதல் தொகை சிறியதென்றால் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

பெரிய தொகை என்றால் மட்டும் என் கருத்து வேறு. பயணச் செலவைவிடப் பல மடங்கு பணம் அந்தக் கார்டில் கிடப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கிரெடிட் கார்டின் பெரிய வசதியே, கார்டு தவறான கைக்குப் போனால் முதலில் சிக்குவது வங்கியின் பணம், உங்கள் பணம் அல்ல என்பதுதான். பல நாடுகளில் திருட்டுச் செலவுக்கு உரிமையாளரின் பொறுப்புக்குச் சட்டமே ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் அது 50 டாலர். கூடுதல் இருப்பு இருந்தாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடாது. ஆனால் விசாரணை முடிந்து பணம் திரும்ப வரவாகும் வரை, காணாமல் போயிருப்பது நீங்கள் கட்டிய ரொக்கம். ஊர் விட்டு ஊர் போயிருக்கும்போது அந்தக் காத்திருப்பு எவ்வளவு கஷ்டம் என்பதை யோசித்துப் பாருங்கள். அதனால் பெரிய தொகையை ரீஃபண்ட் கேட்டுவிடுவதே நல்லது.

ரீஃபண்ட் கேட்கும் முன் ஒன்றைப் பாருங்கள். இரண்டாவது முறை கட்டியது இன்னும் 'நிலுவையில்' என்று காட்டினால், பல ஆப்களில் அதை அப்படியே ரத்து செய்ய முடியும். அன்றைய வேலை நேரக் கெடு முடியும் வரைதான் அந்த வசதி இருக்கும். முடிந்தால் அதுவே மிகச் சுலபமான வழி.

அது கடந்துவிட்டால், கார்டு கொடுத்த வங்கியிடம் நேராகக் கேளுங்கள். ஆப்பில் செய்தி அனுப்பும் வசதி இருந்தால் அதில் எழுத்தில் கேட்பது நல்லது, தொலைபேசியில் கேட்டாலும் பிறகு ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். என்ன தேதியில் எவ்வளவு, எந்தக் கணக்கிலிருந்து, ஏன் இரண்டு முறை கட்டப்பட்டது, எந்தக் கணக்குக்குத் திருப்ப வேண்டும் என்று நாலு வரி போதும். எழுத்தில் கேட்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில நாடுகளில் சட்டக் கெடு எழுத்துமூலக் கோரிக்கை வந்த நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் ரெகுலேஷன் இசட் என்ற விதிப்படி, 1 டாலருக்கு மேல் கூடுதல் இருப்பு இருந்து வாடிக்கையாளர் எழுதிக் கேட்டால் 7 வேலை நாட்களுக்குள் வங்கி திருப்பித் தர வேண்டும். யாரும் கேட்காமல் 6 மாதத்துக்கு மேல் கிடந்தால், வங்கியே உரிமையாளரைத் தேடித் திருப்பித் தர முயற்சி எடுக்க வேண்டும். மற்ற நாடுகளில் விதி வேறு, வங்கிக்கு வங்கி நடைமுறையும் வேறு, ஆனால் சில வேலை நாட்கள் என்பது எங்கும் பொதுவானது. அடுத்த நாளே வந்துவிடும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எந்த வழியில் திருப்புவார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கார்டோடு இணைத்த வங்கிக் கணக்குக்கே அனுப்பினால் பிரச்சினை இல்லை. சில வங்கிகள் இன்றும் காசோலை எழுதி வீட்டு முகவரிக்குத் தபாலில் அனுப்புகின்றன. நீங்கள் வெளிநாட்டில் இருக்க, பூட்டிய வீட்டின் தபால் பெட்டியில் காசோலை கிடப்பதால் யாருக்கு என்ன பயன்? அப்படியென்றால் கணக்குக்கு அனுப்பச் சொல்லி வற்புறுத்துங்கள், முடியாது என்றால் திரும்பி வந்த பிறகு அனுப்பச் சொல்லுங்கள். அதேபோல ரீஃபண்ட் கோரிக்கைக்கு ஓடிபி வரும், சில சமயம் வங்கியிலிருந்து உறுதிப்படுத்தும் அழைப்பும் வரும். இரண்டுமே பதிவு செய்த மொபைல் எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டுவிட்டு இந்த வேலையைத் தொடங்கினால் தவிக்க வேண்டியிருக்கும். கிளம்புவதற்கு முன்பே கோரிக்கையை முடித்துவிடுங்கள், அப்புறம் பழைய எண்ணில் குறுஞ்செய்தி மட்டுமாவது வரும்படி ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாத ஒன்று இருக்கிறது, பதற்றத்தில் பலர் செய்வதும் இதைத்தான். பணம் போன வங்கிக் கணக்கு இருக்கும் வங்கியிடம் போய், 'இந்தப் பணத்தை நான் அனுமதிக்கவில்லை, திருப்பி எடுங்கள்' என்று புகார் கொடுப்பது. நீங்கள் அனுமதித்த ஆட்டோபே அது. அதைத் திருப்பி இழுத்தால், கார்டு வங்கியின் பார்வையில் உங்கள் பணம் பவுன்ஸ் ஆனதாகப் பதிவாகும். அதற்கு அபராதம் போடலாம், ஆட்டோபேயை ரத்து செய்யலாம், கார்டையே தற்காலிகமாக நிறுத்தலாம். நான் மேலே சொன்ன மோசடி முறையின் சாயலும் அப்படியே இதில் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பணம் எங்கே நிற்கிறதோ அந்த வங்கியிடம்தான் கேட்க வேண்டும். கார்டு உங்கள் பெயரில் இருக்கிறது, பணமும் உங்கள் பெயரில் இருக்கிறது. அவர்கள் தராமல் இருக்க வழியில்லை.

இப்போது ஏடிஎம். கூடுதலாக இருப்பது என் பணம்தானே, அதை எடுத்தால் கடன் இல்லையே, பிறகு எதற்குக் கட்டணம் என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகியதும் அது கேஷ் அட்வான்ஸ், அதாவது கார்டின் பேரில் ரொக்கமாக வாங்கும் கடன், என்ற வகையில் பதிவாகிறது. இருப்பு வரவில் இருக்கிறதா பாக்கியில் இருக்கிறதா என்று பெரும்பாலான வங்கிகள் கட்டணம் போடும்போது பார்ப்பதில்லை. எடுத்த தொகையில் 2.5 முதல் 5 சதவீதம் வரை கட்டணம் என்பது பல வங்கிகளில் சாதாரணம், அதற்குக் குறைந்தபட்சத் தொகையும் உண்டு. வேற்று நாட்டுப் பணம் என்பதால் அதற்கான கட்டணம் தனி. அந்த ஏடிஎம் வைத்திருப்பவர் போடும் கட்டணம் அதற்கு மேல். 10,000 எடுத்து, கேஷ் கட்டணம் 3 சதவீதம், வெளிநாட்டுக் கட்டணம் 3 சதவீதம் என்றால் 600 அங்கேயே போய்விடுகிறது. இருப்பைத் தாண்டி ஒரு சிறு தொகை எடுத்தாலும், அந்தப் பகுதிக்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், கடையில் வாங்கும் பொருளுக்குக் கிடைக்கும் வட்டியில்லாக் காலம் இதற்குக் கிடையாது. அதோடு ரொக்கத்துக்குத் தனியாக ஒரு சின்ன லிமிட் இருக்கும், கூடுதல் இருப்பு எவ்வளவு இருந்தாலும் அந்த வரம்பு ஏறாமல் போகலாம். ரொக்கம் வேண்டுமென்றால் டெபிட் கார்டில் எடுங்கள். டெபிட் கார்டுக் கணக்கில் போதிய பணம் இல்லை, எல்லாம் இந்தக் கார்டில் மாட்டிக்கொண்டது என்றால், ரீஃபண்ட் கேட்பதற்கு அதுவே போதிய காரணம்.

பணமாற்று விகிதத்தைப் பற்றியும் ஒரு தவறான நம்பிக்கை உலவுகிறது. முன்கூட்டியே பணம் போட்டுவிட்டதால் இன்றைய விகிதம் நமக்கு உறுதியாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கூடுதல் இருப்பு உங்கள் சொந்த நாட்டுப் பணத்தில்தான் நிற்கிறது. வெளிநாட்டில் கார்டைத் தேய்க்கும்போது விசா அல்லது மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க் அன்றைய விகிதத்தில் மாற்றுகிறது. அதுவும் பல சமயம் நீங்கள் தேய்த்த நொடியின் விகிதம்கூட அல்ல, ஓரிரு நாள் கழித்துக் கணக்கில் பதிவாகும்போது உள்ள விகிதம். அதனால் ஆப்பில் முதலில் தெரியும் தொகையும் ஸ்டேட்மென்ட்டில் வரும் தொகையும் கொஞ்சம் வேறுபட்டால் கவலைப்பட வேண்டாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் உங்கள் கார்டில் இருந்தால், கூடுதல் இருப்பிலிருந்து செலவானாலும் அந்தக் கட்டணம் வரத்தான் செய்யும். கடை மெஷினில் 'உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?' என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த ஊர்ப் பணத்தையே தேர்வு செய்யுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தைத் தேர்வு செய்தால் அந்த இயந்திரச் சேவை நிறுவனம் தன் விகிதத்தைப் போட்டுச் சில சதவீதம் எடுத்துக்கொள்ளும்.

கூடுதல் இருப்பு உண்மையிலேயே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. ஹோட்டலில் அறை எடுக்கும்போதும் வாடகைக் கார் எடுக்கும்போதும் ஒரு தொகையை முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள். அது செலவு இல்லை, ஆனால் செலவழிக்கக் கிடைக்கும் தொகை அந்த அளவுக்குக் குறைந்துவிடும். அறையைக் காலி செய்த பிறகும் அது விடுவிக்கப்படச் சில நாட்கள் ஆகலாம், வாடகைக் காருக்கு இன்னும் தாமதமாகலாம். லிமிட் சிறியதாக இருப்பவர்களுக்கு இரண்டு ஹோட்டல், ஒரு கார் என்று ஆனாலே கார்டு நிரம்பிவிடும். உங்கள் வங்கி கூடுதல் இருப்பைச் செலவுக்கு அனுமதிக்கும் வகையென்றால் இந்த நேரத்தில் அது நல்ல மூச்சு இடைவெளி. இதற்காகவே வேண்டுமென்று கொஞ்சம் கூடுதலாகக் கட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் தவறில்லை, ஆனால் அதைவிட வங்கியைக் கேட்டுப் பயணக் காலத்துக்கு லிமிட்டைத் தற்காலிகமாக ஏற்றிக்கொள்வது சுத்தமான வழி.

ஆட்டோபேயை இப்போது என்ன செய்வது? பதற்றத்தில் அதை அணைத்துவிடாதீர்கள். பயணத்தில் இருக்கும்போது கெடு தேதியை மறந்து தாமதக் கட்டணம் கட்டுவதைவிட, கூடுதலாகக் கட்டுவது எவ்வளவோ மேல். இது ஏன் இரண்டு முறை போனது என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். பல வங்கிகளில் ஆட்டோபே தொகை, ஸ்டேட்மென்ட் வந்த அன்றே உறுதியாகிவிடுகிறது. நடுவில் நீங்கள் கையால் கட்டியதை அது கணக்கில் எடுப்பதில்லை. வேறு வங்கிகளில் எடுத்துக்கொள்ளும், ஆனால் கெடுவுக்குச் சில நாட்கள் முன்பே கட்டியிருக்க வேண்டும். உங்கள் வங்கி எந்த வகை என்பது இந்த முறை தெரிந்துவிட்டது. இனி ஆட்டோபே இருக்கும் கார்டுக்குக் கையால் கட்டாதீர்கள், அல்லது ஆட்டோபேயைக் குறைந்தபட்சத் தொகைக்கு மட்டும் வைத்துவிட்டு மிச்சத்தைக் கையால் கட்டுங்கள். இரண்டாவது வழியில் மிச்சத்தைக் கட்ட மறந்தால் வட்டி வந்துவிடும், அதனால் முதல் வழியையே நான் சொல்வேன்.

அடுத்த ஸ்டேட்மென்ட் வரும்போது கூடுதல் இருப்பு இன்னும் மிச்சமிருந்தால் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம் என்று வரும், அந்த மாதம் எதுவும் கட்டத் தேவையில்லை. மாதத் தவணையில் ஏதாவது வாங்கியிருந்தால் அந்தத் தவணையும் இருப்பிலிருந்தே கழியும். பயணத்தின்போது ஏதாவது முன்பதிவை ரத்து செய்து பணம் கார்டுக்குத் திரும்பினால் மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. ஸ்டேட்மென்ட் வந்த பிறகு வரும் அத்தகைய ரீஃபண்டைப் பல வங்கிகள் பில் கட்டியதாக எடுத்துக்கொள்வதில்லை. பாக்கி குறைந்தாலும், பில்லில் கேட்ட குறைந்தபட்சத் தொகையைக் கெடுவுக்குள் தனியாகக் கட்டியே ஆக வேண்டியிருக்கும். வேற்று நாட்டுப் பணத்தில் வாங்கித் திருப்பியது என்றால், விகிதம் மாறியதால் திரும்பி வரும் தொகை போன தொகைக்குச் சரியாகப் பொருந்தாது.

இதுவரை சொன்னதெல்லாம் பணம் உங்கள் சொந்தக் கார்டுக்கே போயிருந்தால் பொருந்தும். கார்டு எண்ணைத் தவறாக அடித்து வேறு யாருடைய கார்டுக்கோ கட்டியிருந்தால் கதையே வேறு. அங்கே காத்திருப்பது ஆபத்து, ஏனென்றால் அந்தப் பணம் இன்னொருவரின் கடனைத் தீர்த்துக்கொண்டிருக்கும். பணம் அனுப்பிய வங்கிக்கு அன்றைக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், பரிவர்த்தனை எண்ணோடு கார்டு வங்கிக்கும் தெரிவியுங்கள். உங்கள் கார்டு ஆப்பில் அந்தத் தொகை வரவாகியிருக்கிறதா என்று பார்த்தாலே இரண்டில் எது என்று தெரிந்துவிடும், அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை அதுதான்.

விமானம் ஏறிய பிறகுதான் கூடுதலாகக் கட்டியது தெரிந்தது என்றால், தொகை சிறியதாக இருந்தால் கார்டிலேயே செலவழித்துத் தீர்த்துவிடுங்கள். பெரியதென்றால் ஆப்பின் செய்திப் பகுதியில் கோரிக்கை போடுங்கள், கார்டின் பின்பக்கம் வெளிநாட்டிலிருந்து அழைப்பதற்கென்று ஒரு எண் அச்சிட்டிருக்கும், அதில் அழைத்தும் சொல்லலாம். எது எப்படியோ, வேறு வங்கியின் கார்டு ஒன்றையும் பெட்டியில் தனியாக எடுத்துப் போங்கள். விசாரணை, தடை என்று எந்தக் காரணத்துக்காக முதல் கார்டு நின்றாலும், அன்றிரவு ஹோட்டலுக்குக் கட்ட அது உதவும்.